ஆற்றில் போட்ட தோட்டாக்கள்

என் அப்பாவும் தம்பியும் பத்து வருடமாக ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டார்கள். சொத்துக்காக இல்லை. மான் சுட எந்தத் தோட்டா உசத்தி என்பதற்காக. கேட்பவர்கள் சிரிப்பார்கள். மானைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிக் கோடியக்கரைக்குப் போக வேண்டிய நெல் பூமியில், மான் வேட்டையே தடையாகி அரை நூற்றாண்டு ஆன பிறகு, ஒரு கிழவர் வீடியோ காலில் மகனோடு தோட்டாவைப் பற்றித் தொண்டை கிழியக் கத்துவதை நானும் சிரித்தபடிதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள ஒரு ரைஃபிள் இருந்தது. குழாய் அளவை வைத்து மூன்று ஒன்று ஐந்து என்பார்கள். வாலிபத்தில் சிநேகிதர்களோடு மேற்கே மலையடிவாரக் காடுகளுக்குப் போய் நான்கைந்து மான் சுட்டிருக்கிறார். தடை வந்த பிறகு பயிர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் லைசென்ஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டே வந்தார். எங்கள் வயலில் எலி உண்டு, மயில் உண்டு, ரைஃபிள் எடுத்துச் சுடும் அளவுக்கு எதுவும் வந்ததில்லை. வருடத்தில் பாதி நாள் குழாயைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

தம்பி அமெரிக்காவில் பனி கொட்டும் ஒரு மாநிலத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அங்கே மான் வேட்டை சட்டப்படி சரி. காசு கட்டினால் சீட்டு கொடுக்கிறார்கள், நவம்பரில் போய்ச் சுட்டு, கறியை ஃப்ரீசரில் அடுக்கிக்கொள்கிறார்கள். முதல் மானைச் சுட்டதும் அப்பாவைத்தான் கூப்பிட்டான். அப்பா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை அடி கிட்டப் போன?"

"முந்நூறு கஜம்பா."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து சுடறதுக்கு மான் எதுக்குடா? பலகைய நட்டு வச்சுச் சுடேன்."

அன்று ஆரம்பித்தது. அப்பாவின் தோட்டா என் நடுவிரல் நீளம். பித்தளைக் கூட்டின் தலையில் மழுங்கிய ஈய மூக்கு. குண்டு கனம், வேகம் குறைவு. சுட்டால் தோளில் கழுதை உதைத்த மாதிரி இருக்கும், தூரம் போகப்போகத் தலை கவிழ்ந்துவிடும். தம்பியுடையது ஆறரை மில்லிமீட்டர். ஒல்லியாக, ஊசியாக, மூக்கில் சிவப்புப் பிளாஸ்டிக் முனையோடு இருக்கும். அந்த முனை காற்றைக் கிழிக்கவும், உடம்பில் பட்டதும் உள்ளே போய்க் குண்டை மலர்த்தவும். உதை கம்மி. நான் பிஸிக்ஸ் டீச்சர் என்பதால் இருவருக்கும் நடுவர் வேலை எனக்கு. இரண்டையும் ஒரே மாதிரி இருநூறு கஜத்துக்குக் குறி வைத்துக் கணக்குப் போட்டால், முந்நூறில் தம்பியின் குண்டு ஒரு சாண் இறங்கும்போது அப்பாவின் குண்டு மூன்று சாண் இறங்கும் என்று சொன்னேன். அப்பா ஒரு வாரம் என் கையால் காபி வாங்கிக் குடிக்கவில்லை.

அப்பாவின் வாதம் எளிமையானது. குண்டு மெதுவாகப் போனால் ஆள் கிட்டப் போக வேண்டும், கிட்டப் போனால் தப்பாது. புதரில் ஒரு குச்சி குறுக்கே வந்தாலும் கனத்த குண்டு விலகாது. தம்பியின் வாதமும் எளிமையானதுதான். குறி சுத்தமாக விழுந்தால் மான் நின்ற இடத்திலேயே விழும், வதைபடாது. ஒருநாள் சண்டை முற்றி, "உங்க தோட்டாலதாம்பா அந்த மான் குடல்ல அடிபட்டு ஓடுச்சு, ரெண்டு நாள் தேடியும் கெடைக்கல. நீங்களே சொல்லியிருக்கீங்க" என்றான். அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு இருவரும் உடம்பு எப்படி, மழை எப்படி என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, ரைஃபிளைத் துணியுறையில் போட்டு, கல்யாணத்துக்குப் போவதுபோலப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். கடைசித் தேர்தல் முடிந்தபோது திரும்ப வாங்கிவர அவருக்குத் தெம்பில்லை. கார்த்திகையில் இறந்துபோனார். ரைஃபிள் ஸ்டேஷனிலேயே கிடந்தது.

தம்பி வரும்வரை அப்பாவின் உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். அவன் வேட்டைக்குப் போயிருந்த இடத்திலிருந்து, உடுத்திய துணியைக்கூட மாற்றாமல் விமானம் ஏறியிருந்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் தடித்த பச்சை ஜாக்கெட்டோடு வந்து இறங்கியவனைப் பார்த்து, துக்கம் கேட்க வந்தவர்களே ஒரு கணம் அழுகையை நிறுத்தினார்கள். தகனம் முடிந்து அதைத் துவைக்கப் போட எடுத்தேன். உள்பையில் ஏதோ இடறியது. சிவப்பு மூக்குத் தோட்டா, ஒன்று, சுடப்படாமல், உயிரோடு.

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு ஏர்போர்ட்ல எப்படிக்கா விட்டானுங்க? திரும்பப் போறப்ப மாட்டினா ஜெயில்தான்" என்றான். நான் அப்பாவின் அலமாரியைத் திறந்து, வேட்டிகளுக்கு அடியில் இருந்த கைக்குட்டை மூட்டையைக் காட்டினேன். அதில் பழைய தோட்டா ஏழு. வேட்டைச் சிநேகிதர் ஒருவர் எந்தக் காலத்திலோ கொடுத்தவை, லைசென்ஸ் புத்தகத்தில் ஏறாதவை. அப்பா ஒப்படைக்காமல் வைத்திருந்தார். இவற்றை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் செத்தவர் மேல் கேள்வி வரும் என்று நான் நினைத்தேன். செத்தவர்மேல் கேள்வி வந்தால் என்ன முழுகிப்போகும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

அஸ்தி கரைக்கும்போது, இறந்தவர் புழங்கிய பொருளில் ஒன்றிரண்டை ஆற்றோடு விடுவது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாவின் கண்ணாடியையும் பொடி டப்பாவையும் எடுத்து வைத்திருந்தோம். தம்பி கைக்குட்டை மூட்டையையும் எடுத்துக்கொண்டான். படித்துறையில், ஆறு நுரைத்துக்கொண்டு போனது. மூட்டையை அவிழ்த்து, தன் தோட்டாவை அப்பாவின் தோட்டாக்களோடு வைத்தான். "ரெண்டுமே நல்ல தோட்டாதான்பா" என்று சொல்லி விம்மினான். முடிச்சில் ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டி வீசினோம். எனக்கும் அழுகை வந்தது. பத்து வருடச் சண்டை தீர்ந்தது என்று நிம்மதியாகவும் இருந்தது. இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தியவள், பித்தளை கரையாது என்று யோசிக்கவில்லை. நம் ஆறு வருடத்தில் பாதி நாள் வற்றிக் கிடக்கும் என்றும், சித்திரையில் தூர்வார மெஷின் வரும் என்றும் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். தண்ணீரில் போட்டால் போயிற்று என்று நாங்கள்தான் நம்பினோம்.

சித்திரையில் மெஷின் வந்தது. படித்துறைக்குக் கீழே அள்ளிய வண்டலை, அனுமதி வாங்கிய விவசாயிகள் டிராக்டரில் வயலுக்கு அடித்தார்கள். அதில் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒரு காலத்தில் அவர் அப்பா எங்கள் வயலில் வேலை செய்தவர். இன்று எங்கள் பழைய நிலத்தில் பாதிக்கு அவர்தான் சொந்தக்காரர், எங்களைவிட நன்றாகச் சாகுபடி செய்கிறவர். வண்டலைப் பரப்பும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டியிருக்கிறது. கழுவிப் பார்த்திருக்கிறார். போனில் படம் எடுத்து எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் போட்டார். "இது என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

நான் அப்போது மன்னார்குடியில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். மத்தியான டீ இடைவேளை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை பூத்த தோட்டா ஏழு. எட்டாவதில் சிவப்பு மூக்கு கொஞ்சமும் மங்கவில்லை. "அது எங்கப்பாவோடது, வந்து வாங்கிக்கிறேன்" என்று டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். அதற்குள் ஒருவர் தீபாவளிக்கு வெடிக்கலாம் என்று கிண்டல் போட்டார். இன்னொருவர், "சிவப்பு நம்ம நாட்டு சரக்கு இல்ல, போலீசுக்குச் சொல்லுங்க" என்றார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த கட்டுத் தாளை எடுத்தேன். சாயங்காலம் நான் ஊருக்குத் திரும்பியபோது, படம் போட்டவர் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நின்றது.

பழைய தோட்டா ஏழு மட்டும் இருந்திருந்தால், யாரோ பழைய மிராசுதார் வீட்டுக் குப்பை என்று இரண்டு அதட்டலோடு விட்டிருப்பார்கள். அந்த எட்டாவதுதான் வினை. நம் கடைகளில் கிடைக்காதது, வெளிநாட்டுத் தயாரிப்பு, புத்தம் புதிது. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, மீதி எங்கே? மறுநாள் பேப்பரில், வெளிநாட்டுத் தோட்டாக்களுடன் விவசாயி கைது என்று வந்தது. முகாமில் ஒரு சார் அதைச் சத்தமாகப் படித்து, "இவனுங்கள எல்லாம் நம்பவே முடியல டீச்சர்" என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

அன்று ராத்திரியே தம்பியைக் கூப்பிட்டேன். அவனுக்கு அங்கே குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தது.

"அக்கா, பேசாம இரு. அவர் மேல தப்பில்லன்னு தானா தெரிஞ்சிடும். விட்டுருவாங்க."

"விடலைன்னா?"

"என் பேரு வந்தா பாஸ்போர்ட்டு, வேலை, வீடு எல்லாம் போச்சு. புள்ளைங்க இங்க படிக்குது. உனக்கும் ரிட்டையர்மென்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. யோசிச்சுக்க."

யோசித்தேன். யோசிப்பது எனக்குக் கைவந்த கலை. தோட்டாவின் வேகத்தை, சாய்வை, காற்றின் தடையை எல்லாம் யோசித்துச் சொன்னவள்தானே.

மூன்றாம் நாள், கைதானவரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். சத்துணவு மையத்தில் சமைக்கிறவர். கையில் நான்கு வெள்ளைத் தாள். எங்கள் ஊரில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், கரண்ட் கம்பம், எதுவாக இருந்தாலும். "கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க டீச்சர். வண்டல்ல கெடந்ததுன்னு எழுதுங்க. எப்படி வந்துச்சுன்னு அவருக்குச் சத்தியமா தெரியாதுங்க" என்றார்.

எழுதினேன். மேற்படி பொருட்கள் வண்டல் மண்ணில் எவ்வாறு வந்தன என்பது என் கணவருக்குத் தெரியாது என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். எப்படி வந்தன என்று தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் நான்தான். அவருக்கு எதிரே உட்கார்ந்து, நடுவில் நிமிர்ந்து கணவரின் வயதைக் கேட்டு, தேதி போட்டு, கையெழுத்து வாங்கும் இடத்தில் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், தோட்டாவை ஆற்றில் போட்டதைச் சொல்ல மாட்டேன். அந்த மனுவைத்தான் சொல்வேன்.

ஒன்பதாம் நாள் அந்த அம்மாள் மறுபடி வந்தார். கொல்லையில் பறித்த முருங்கைக்காய் ஒரு கட்டு. "மனு ரொம்ப நல்லா எழுதியிருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க டீச்சர். நீங்க நல்லாருக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். முருங்கைக்காயை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவைப் பூட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன்.

"உட்காருங்க டீச்சர்" என்றார் இன்ஸ்பெக்டர். டீ வரவழைத்தார். ஏழு தோட்டாவும் என் அப்பாவுடையவை, அஸ்தியோடு ஆற்றில் விட்டோம், அவற்றுக்கான ரைஃபிள் இந்த ஸ்டேஷன் பின்னறையிலேயே அப்பாவின் பெயர்ச் சீட்டோடு இருக்கிறது என்றேன். ஏட்டு போய் எடுத்துவந்தார். இன்ஸ்பெக்டர் குழாயில் பொறித்திருந்த தோட்டா அளவைப் படித்துவிட்டு ஏட்டை ஒரு பார்வை பார்த்தார். ஒன்பது நாளாக விடை அந்த அறையிலேயே சாய்ந்து கிடந்திருக்கிறது.

"இந்த ஏழும் சரிங்க. செவப்பு மூக்கு?"

"அதுவும் அப்பா அலமாரியிலதான் இருந்துச்சு. யார் குடுத்தாங்கன்னு தெரியாது" என்றேன். நாக்கு குழறவில்லை.

என் மேல் வழக்கு, ஜாமீன், பள்ளியில் தற்காலிகப் பணிநீக்கம் எல்லாம் ஒழுங்காக வந்தன. அந்த விவசாயிக்கு ஜாமீன் கிடைக்க இன்னும் ஆறு நாள் ஆயிற்று. தம்பி போனில் அழுதான். "நீ எனக்கு அம்மா மாதிரிக்கா" என்றான். அப்போது எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஒருவரை வெளியே கொண்டுவந்துவிட்டேன், இன்னொருவரை மாட்டாமல் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் வீட்டுக்குப் போக மேலும் சில நாள் ஆனது. போனபோது வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முயன்று முடியாமல் உட்கார்ந்துகொண்டார். வலது பாதம் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

"போட்டோ போட்டப்பவே நீங்க பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன்."

வீங்கிய காலைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். "வெளிநாட்டுத் தோட்டா, வெளிநாட்டுலேர்ந்து யாரு குடுத்தாங்கன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. எனக்குத் தெரிஞ்சு வெளிநாட்டுல இருக்குறது ஒரே ஒருத்தன். மூணாம் நாளு என் தம்பி பேரச் சொல்லிட்டேன்."

அவர் தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறவர் என்று எனக்குத் தெரியும். கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தார் என்பதும் தெரியும். அவரையும் அழைத்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. வெட்கப்பட்டு அந்த வீட்டார் வெளியே சொல்லவில்லை. திரும்ப வேண்டிய தேதி கடந்துவிட்டது. வேலையிடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

"இப்பயும் பாஸ்போர்ட்ட குடுக்கல. ஏழுக்குக் கணக்கு வந்துருச்சு, எட்டாவதுக்கு வரலியாம். உங்கப்பா வீட்ட விட்டு நகராத மனுஷன், அவருக்கு அது எப்படி வரும்னு இன்ஸ்பெக்டரு கேக்குறாரு. எனக்கும் அதான் கேள்வி." என் முகத்தையே பார்த்தார். "அந்தப் பச்சை ஜாக்கெட்டுல உங்க தம்பி வந்து எறங்குனப்ப, பொட்டிய எறக்கி வச்சது நாந்தான் டீச்சர். நீங்க உங்க தம்பியக் காப்பாத்துறீங்க. என் தம்பி உள்ள படுத்துக் கெடக்கான். என் கையால சோறு வாங்க மாட்டேங்கறான்."

வீட்டுக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டேன். நாளைக்கு உன் பெயரைச் சொல்லப்போகிறேன் என்றேன். முதலில் கெஞ்சினான். பிறகு, "எவனோ ஒருத்தனுக்காகக் கூடப் பொறந்தவன விக்கிறியா?" என்றான். அவனும் ஒருவருக்குத் தம்பிதான்டா என்று சொல்ல வாயெடுத்தேன். லைன் போய்விட்டது. மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போய் எட்டாவது தோட்டா யாருடையது, எந்தப் பையில் இருந்தது, யார் கட்டி யார் வீசியது எல்லாவற்றையும் சொல்லி, அடியில் கையெழுத்துப் போட்டேன். டீ கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

சிங்கப்பூர்க்காரரின் பாஸ்போர்ட் பத்து நாளில் வந்துவிட்டது. வேலை வரவில்லை. இங்கேயே அண்ணனுக்குப் பக்கத்து வயலில் உழுகிறார். இருவரும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயலில் இறங்கி வழிவிடுகிறார், பேசிக்கொள்வதில்லை. என் தம்பியின் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அவன் நம்பர் மாற்றிவிட்டான். அந்த அண்ணன் தன் தம்பியின் பெயரைச் சொன்னது பொய். அதுவும் மூன்றாம் நாள், அடி தாங்காமல். நான் என் தம்பியைப் பற்றிச் சொன்னது உண்மை. என்னை யாரும் ஒரு அடி அடிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.